எண்கின் தடம்

1963இல் ஓரியண்ட் லாங்மன்ஸ் பதிப்பகம் ஆங்கிலத்தில் ஒரு தடித்த நூலை வெளியிட்டது. 'திராவிடத் தோற்றமும் மேற்கும்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் நிக்கோலா லஹோவரி. ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலையோரத்தில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கும் நம்முடைய திராவிட மொழிகளுக்கும் பழைய உறவு உண்டு என்பது அவருடைய வாதம். அறுபது ஆண்டு கடந்தும் அந்த வாதத்தை யாராவது ஒருவர் மேடையில் எடுத்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கும் தமிழருக்கு மனம் குளிர்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் குளிர்ந்தது. அதனால்தான் சென்னை கன்னிமரா நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். படித்து முடித்தபோது, இதைச் சொல் சொல்லாகச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பாஸ்க் விசித்திரமான மொழி. சுற்றிலும் ஸ்பானியம், பிரெஞ்சு என்று லத்தீன் வழிவந்த மொழிகள் இருக்க, அதற்கு மட்டும் உயிரோடு இருக்கும் உறவுமொழி உலகில் எங்கும் உறுதிப்படவில்லை. உறவு தெரியாத மொழி என்றால் ஆளுக்கு ஆள் உறவு கொண்டாடுவார்கள். காக்கேசிய மொழிகளோடு சேர்த்தவர்கள் உண்டு, ஆப்பிரிக்காவின் பெர்பெரோடு சேர்த்தவர்கள் உண்டு. லஹோவரி நம்மோடு சேர்த்தார்.

சோதனைக்கு விலங்குப் பெயர்களை எடுத்துக்கொண்டேன். வேட்டையும் மேய்ச்சலும் மனிதரின் பழந்தொழில்கள். தத்துவச் சொற்களையும் வழிபாட்டுச் சொற்களையும் கடன் வாங்குகிற மக்கள்கூட வீட்டு மாட்டுக்கும் காட்டுப் பன்றிக்கும் தங்கள் சொல்லையே வைத்திருப்பதுண்டு. பாஸ்கில் பசு 'பெஹி', எருது 'இடி', வெள்ளாடு 'அஹுன்ட்ஸ்', கரடி 'ஹார்ட்ஸ்'. செம்மறியாடு 'ஆர்டி'. இந்தக் கடைசிச் சொல்லில் கண் நின்றுவிடும். ஆர்டி, ஆடு. நடுவில் ஒரு ரகரம்தான் கூடுதல். மேடைப் பேச்சுக்கு இது போதும். ஆய்வுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதை பாஸ்க் மொழியே சொல்லிக்கொடுக்கிறது. பாஸ்கில் வாத்துக்கு 'அஹாத்தே' என்று பெயர். பார்த்தால் எந்த மொழியின் சாயலும் தெரியாது. ஆனால் லத்தீனில் வாத்து 'அனாத்தெம்'. சங்கிலிக்கு லத்தீனில் 'கத்தேனா', பாஸ்கில் 'கத்தேயா'. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த னகரத்தை பாஸ்க் தொலைத்திருக்கிறது. ஒரு சொல்லில் மட்டும் தொலைத்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பல சொற்களில் தொலைத்திருக்கிறது. ஆகவே அஹாத்தே லத்தீனிடம் கடன் வாங்கியது என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறது. லாரி டிராஸ்க் 1997இல் வெளியிட்ட 'பாஸ்கின் வரலாறு' என்ற நூலில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்திருக்கிறார். ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களை அடுக்குவதில் பயனில்லை. இந்த மொழியில் இந்த ஒலி இருந்தால் அந்த மொழியில் அந்த ஒலி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். சொன்னது பல சொற்களில் பலிக்கவும் வேண்டும். வேறுபாடு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் 'ஆடு' என்ற நம் சொல்லின் பழைய உருவம் என்ன? இன்றைய ஆட்டை வைத்துக்கொண்டு ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவைப் பேச முடியாது. பழந்தமிழில் அது யாடு. ஆற்றை யாறு என்றார்கள், ஆண்டை யாண்டு என்றார்கள், ஆமையை யாமை என்றார்கள். யகரம் ஆகாரத்தோடு சேர்ந்தால் மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. பின்னால் வந்த தமிழ் அந்த யகரத்தை உதிர்த்துவிட்டது. யானை போன்ற சில சொற்கள் மட்டும் எழுத்தில் பிடிவாதமாக நிற்கின்றன. பேச்சில் யானையும் ஆனைதான்.

இனி தெலுங்கைப் பார்க்கலாம். ஆற்றுக்கு அங்கே 'ஏறு'. ஆண்டுக்கு 'ஏடு'. யானைக்கு 'ஏனுகு'. கிடாய்க்கு 'ஏட்ட', 'ஏடிக' என்று இரண்டு சொற்கள். தமிழ் 'யா' வைத்திருந்த இடத்தில் தெலுங்கு 'ஏ' வைத்திருக்கிறது. கோண்டியில் வெள்ளாடு 'ஏட்டி', யானை 'ஏனி'. பலூசிஸ்தானத்தில் ஈரானிய மொழிகளுக்கு நடுவே தனித்துக் கிடக்கும் பிராகூயியில் வெள்ளாடு 'ஹேட்'. குமரி தொடங்கி பலூசிஸ்தானம் வரை ஒரே சொல் தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறது. இந்த வடிவங்களில் எதிலும் ரகரத்தின் நிழல்கூட இல்லை. ஆர்டியின் கதை அங்கே முடிந்தது.

இந்த வடிவங்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க முடிவது தாமஸ் பர்ரோ, முர்ரே எமனோ என்ற இருவரின் உழைப்பால். ஒருவர் ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியர். மற்றவர் கனடாவில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பித்தவர். 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தோடர், கோத்தர் நடுவிலும், குடகிலும், மத்திய இந்தியாவில் கோலாமி பேசுவோரிடமும் போய் உட்கார்ந்து சொல் கேட்டவர். இவர்கள் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். 5500க்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றிலும் தமிழ் முதலில் நிற்கும். மலையாளம், கோத்தம், தோடம், கன்னடம், குடகு, துளு, தெலுங்கு, கோண்டி என்று சொல் நகர்ந்துகொண்டே போய் கடைசியில் பிராகூயியில் வந்து நிற்கும். என் மேசையில் எந்நேரமும் திறந்து கிடக்கும் புத்தகம் அது.

ஆனால் அகராதியில் இருப்பது எழுதிவைத்த சொல். காதில் விழும் சொல்லுக்குத் தமிழ்நாட்டு–ஆந்திர எல்லையோரம்தான் போக வேண்டும். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமானது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, நகரி, விஜயபுரம், பள்ளிப்பட்டு பக்கத்து மக்கள் வீட்டில் ஒன்றும் சந்தையில் ஒன்றுமாக இரண்டு மொழியையும் பேசிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஒப்பியல் மொழியியலுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தமிழ்ச் சொல்லுக்கும் தெலுங்குச் சொல்லுக்கும் இங்கே நடுவில் ஒரு திண்ணைதான் இடைவெளி.

விஜயபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்தான் வீட்டு மொழி. மருமகள் தெலுங்கு.

"தாத்தா, தெலுங்குல ஆட்டுக்கு என்ன சொல்வீங்க?"

"மேகன்னு சொல்வோம். கிடாய்னா போத்து. கடப்பா பக்கத்து ஆளுங்க வந்தா யாட்டம்பாங்க."

யாட்ட! ஒரு கணம் மூச்சு நின்றது. சங்ககாலத் தமிழன் சொன்ன யாடு, தமிழில் யகரம் உதிர்ந்த பிறகும் ராயலசீமைத் தெலுங்கில் உயிரோடு இருக்கிறதா? இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆய்வாளன் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்ட அடுத்த கேள்வி வேப்பமரத்தைப் பற்றியது. தெலுங்கு எழுத்துவழக்கில் அது 'வேப்ப'. பெரியவர் யோசிக்காமல் சொன்னார்: "அவங்க யாப்பச் செட்டும்பாங்க." 'எங்கே' என்பதற்கு? "யாட."

தமிழ் வேம்பில் எந்தக் காலத்திலும் யகரம் இருந்ததில்லை. ராயலசீமையும் தெலங்கானாவும் சொல் முதலில் வரும் ஏகாரத்தை அண்மைக்காலத்தில் 'யா' என்று விரித்துச் சொல்லப் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தில் வேப்ப வகரத்தை விட்டு யாப்பவானது, ஏட யாடவானது, ஏட்ட யாட்டவானது. ஆக யாட்டவும் யாடும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்தப் பழைய யகரம் எப்போதோ போய்விட்டது. இப்போது கேட்பது புது யகரம். ஆர்டிக்கு ஏமாறாதவனை யாட்ட ஏமாற்றியிருக்கும். உறவு உள்ள மொழிகளிலேயே ஒலி ஒற்றுமை இப்படி ஏமாற்றுகிறது என்றால், உறவே நிறுவப்படாத மொழிகளில் சொல்ல வேண்டுமா?

பெரியவரிடம் கரடியைப் பற்றிக் கேட்டேன். கரடி என்று தமிழில் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு எலுகுபண்டி" என்றார். திருமலை மலைப்பாதையில் கரடி தென்பட்டால் தெலுங்கு நாளிதழ்களில் வருவதும் இந்தச் சொல்தான். எலுகு ஏன் எலுகு? அதற்கு ஊரில் ஒரு விளக்கம் இருக்கிறது. தெலுங்கில் எலுகு என்றால் குரல். உரக்கக் கத்துவதை 'எலுகெத்தி' என்பார்கள். கரடி கத்தும், ஆகவே எலுகு. கேட்க அழகாக இருக்கிறது. சார்லஸ் பிலிப் பிரவுனின் தெலுங்கு–ஆங்கில அகராதியை (1852) பிரித்தாலும் குரலும் கரடியும் ஒரே எழுத்துக்கூட்டலில் அடுத்தடுத்து நிற்கின்றன. விளக்கம் இன்னும் வலுப்பெற்றதுபோலத் தெரியும்.

இங்கேதான் ஒரு சிறிய குறி எனக்கு உதவியது. பழைய தெலுங்கு நூல்களில் சில எழுத்துகளுக்கு முன் ஓர் அரைவட்டம் போட்டிருப்பார்கள். அரசுன்னா என்று பெயர். இன்று அதை யாரும் உச்சரிப்பதில்லை, அச்சிலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் மெல்லின ஒலி இருந்து தேய்ந்துபோயிற்று என்பதற்கு அது சாட்சி. மூன்றைக் குறிக்கும் 'மூடு' என்ற சொல்லில் அரைவட்டம் இருக்கும். தமிழ் மூன்றில் னகரம் நிற்கிறது. ஆண்டைக் குறிக்கும் 'ஏடு' என்பதிலும் இருக்கும். தமிழ் யாண்டில் ணகரம் நிற்கிறது. தெலுங்கு தொலைத்த மெல்லினத்தைத் தமிழ் பாதுகாத்திருக்கிறது. சரி, கரடியைக் குறிக்கும் எலுகுவிலும் அந்த அரைவட்டம் இருக்கிறது. அப்படியென்றால் தமிழில் கரடிக்கு ஒரு சொல் இருக்க வேண்டும், அது எகரத்தில் தொடங்க வேண்டும், ககரத்துக்கு முன் ஒரு மெல்லினம் நிற்க வேண்டும்.

எண்கு.

இன்றைய தமிழர் எவர் வாயிலும் வராத சொல். சங்கப் பாடல்களில் அது தாராளமாகத் திரிகிறது. புற்றைப் பிளந்து கறையானை உறிஞ்சுகிறது, இலுப்பைப் பூவைத் தின்கிறது. இந்தியக் கரடி இன்றைக்கும் காட்டில் செய்கிற வேலை அதேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி எண்குக்குக் கரடி என்று பொருள் தருகிறது. பர்ரோவும் எமனோவும் எண்கு, எலுகு இரண்டையும் ஒரே பதிவில் வைத்திருக்கிறார்கள். கூடவே கோண்டியில் 'எட்ஜ்' போன்ற வடிவம். மூலச்சொல்லில் ளகரம் இருந்திருக்க வேண்டும். தமிழில் அது அடுத்து நின்ற மெல்லினத்தோடு சேர்ந்து ணகரமானது, தெலுங்கில் லகரமானது. தமிழ் எண்குக்கும் குரலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனவே குரல் எலுகுவும் கரடி எலுகுவும் ஒலியில் வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு தனிச் சொற்கள். ஊர் சொன்ன விளக்கம் பின்னால் கட்டியது.

தமிழ் தன் கரடியின் பெயரை மறந்துவிட்டது. தெலுங்கு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த உண்மையை நம்மவர்கள் சிலருக்குச் சொல்லும்போது முகம் சுருங்குகிறது. தெலுங்கு தமிழிலிருந்து திரிந்த மொழி என்று நினைத்துக்கொண்டிருப்பதன் விளைவு அது. யாடு ஆடானபோது தமிழும்தான் மாறியது. இரண்டும் ஒரே தாயின் மக்கள். ஒருவர் தொலைத்ததை மற்றவர் வைத்திருப்பார். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் இதை 1816லேயே சொல்லிவிட்டார். கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் எழுதிச் சேர்த்த குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வடமொழி வேர்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தென்னாட்டு மொழிகள் வடமொழிக்குப் பிறந்தவை இல்லை, தமக்குள் ஒரே குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856இல். எல்லிஸுக்கு உடனிருந்து உதவிய பட்டாபிராம சாஸ்திரி போன்ற சென்னைப் புலவர்களின் பெயர்களை நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. படித்திருக்க வேண்டும்.

கரடியின் பெயர் ஏன் தமிழில் வழக்கொழிந்தது என்று யோசிக்கும்போது இரவுநேரப் பேச்சு நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். பூச்சி என்பார்கள். அந்தப் பெரியவரின் மருமகள் தெலுங்கில் 'புருகு' என்றார். புழுவுக்கும் பூச்சிக்கும் உரிய சொல். பாம்பு கடித்ததையும் இரண்டு மொழியிலும் 'பூச்சி கடித்தது', 'புருகு முட்டிந்தி' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். உலகம் முழுக்க இந்தப் பயம் சொற்களை மாற்றியிருக்கிறது. ரஷ்யர்கள் கரடியின் பழைய பெயரை விட்டுவிட்டுத் 'தேன் தின்னி' என்ற பொருளில் 'மெத்வேத்' என்றார்கள். பாஸ்கில் நரிக்கு 'அசேரி' என்று பெயர். அது இடைக்காலத்தில் மனிதர்களுக்கு வைத்த அசெனாரி என்ற பெயரிலிருந்து வந்தது. நரியை மனிதப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பாஸ்கோடு நமக்கு இருக்கும் உண்மையான ஒற்றுமை இதுதான். அது மொழிக்குடும்ப உறவைக் காட்டவில்லை. இருட்டில் மனிதன் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டுகிறது. எண்கு இந்த வழியில் போனதா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் விலங்குப் பெயர் தொலையும் வழிகளில் இதுவும் ஒன்று.

எல்லையோரத்தில் இன்னொரு ஒழுங்கைக் காதாலேயே கேட்கலாம். பாம்பு தெலுங்கில் 'பாமு'. உடும்பு 'உடுமு'. மாட்டின் கொம்பு 'கொம்மு'. விலங்குகளை விட்டு வெளியே வந்தாலும் இரும்பு 'இனுமு'. தமிழில் 'ம்பு' என்று முடியும் இடத்தில் தெலுங்கு மகரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டு மொழியும் பேசும் பிள்ளைகள் இந்த மாற்றத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். முதலைக்கு 'மொசலி', எலிக்கு 'எலுக்க', புலிக்குப் புலியேதான். எறும்புதின்னிக்குப் பழந்தமிழில் அழுங்கு என்று பெயர், தெலுங்கில் 'அலுகு'. அழுங்கும் எல்லையோர மலைகளில் வாழும் விலங்குதான், இன்று கள்ளச்சந்தைக்காகக் கொல்லப்படுகிறது.

ஒழுங்குக்கு அடங்காத சொல்லும் உண்டு. யாமை தெலுங்கில் 'ஏ' என்று தொடங்க வேண்டும். அது 'தாபேலு' என்று நிற்கிறது. பொருள் ஒன்று என்பதற்காக அதை யானை, யாடு வரிசையில் நுழைக்க நான் தயாரில்லை. கன்னடத்தில் 'ஆமெ' வரிசையில் இருக்கிறது, மலையாளத்தில் 'ஆம' இருக்கிறது. தெலுங்கு ஆமை மட்டும் வெளியே. வெளியே நிற்கும் சொல்லை வெளியே நிறுத்திக் காட்டினால்தான் உள்ளே இருப்பவற்றின் மேல் நம்பிக்கை வரும். நாய் என்ற சொல் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, கோண்டி என்று ஓடுகிறது. தெலுங்கில் மட்டும் 'குக்க'. இங்கே தொலைத்தது தெலுங்கு.

பன்றியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. தமிழில் பன்றி, மலையாளத்தில் பன்னி, தெலுங்கிலும் குடகிலும் 'பந்தி', துளுவில் 'பஞ்சி', கோண்டியில் 'பத்தி'. கன்னடம் இடைக்காலத்தில் சொல் முதல் பகரத்தை ஹகரமாக்கியதால் அங்கே 'ஹந்தி', புலி 'ஹுலி', பாம்பு 'ஹாவு'. இந்தத் தெலுங்குப் பந்தியோடு 'கொக்கு' என்ற சொல் சேர்ந்தால் 'பந்திகொக்கு'. தமிழ்க் காதுக்கு நீர்நிலைக் கொக்கு நினைவுக்கு வரும். தெலுங்கில் கொக்கு என்றால் பெரிய எலி. பன்றி எலி, நம் பெருச்சாளி. நெல் மூட்டையையும் வரப்பையும் குடைந்து உழவரை அழவைக்கும் அதே உருப்படி. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டு 'பேண்டிகூட்' என்றார்கள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ–இந்தியச் சொல்லகராதி இதன் பிறப்பிடத்தைத் தெலுங்கு என்று சரியாகவே பதிந்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறியபோது அங்கே பார்த்த நீளமூக்குப் பைவிலங்கு ஒன்றுக்கு, எலிக்கும் அதற்கும் உறவே இல்லாதபோதும், இதே பெயரை வைத்தார்கள். 1996இல் வந்த ஒரு ஜப்பானிய விளையாட்டுப் பெட்டிக்கான வீடியோ கேமின் நாயகனும் பேண்டிகூட். கேரளத்து இளைஞர்கள் 2018இல், பாதாளச் சாக்கடையில் மனிதன் இறங்குவதை ஒழிக்கக் கண்டுபிடித்த இயந்திரத்துக்கும் அதே பெயர். தெலுங்கு உழவரின் வயல்வரப்பிலிருந்து கிளம்பிய சொல் உலகைச் சுற்றிவிட்டு மறுபடி தென்னிந்தியத் தெருவுக்கு வந்து நிற்கிறது. இவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வொரு படியையும் எழுத்துச் சான்றோடு காட்ட முடிகிறது. லஹோவரியின் நூலில் நான் தேடி ஏமாந்தது இதைத்தான்.

கீரியும் அப்படித்தான். தெலுங்கில் 'முங்கிஸ', கன்னடத்தில் 'முங்கி', 'முங்குலி'. மராத்தியின் 'முங்கூஸ்' வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'மங்கூஸ்' ஆனது. தமிழுக்கு இதில் பங்கில்லை என்று நினைத்தால், தொல்காப்பிய மரபியலைத் திறக்க வேண்டும். எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர் என்று சொல்லிவரும் இடத்தில், குட்டி என்ற பெயருக்கு உரியவையாக வெருகு, எலி, அணிலோடு மூங்காவும் எண்ணப்படுகிறது. மூங்கா என்பது கீரி. எண்குபோலவே இதையும் நாம் கைவிட்டுவிட்டோம். தெலுங்கரும் கன்னடரும் வைத்திருக்கிறார்கள், அவர்கள் வழியாக உலகமே வைத்திருக்கிறது.

பாஸ்க் உறவைப் பற்றிய என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். அது நிறுவப்படவில்லை. ஏட்டவுக்கும் யாட்டுக்கும், எலுகுக்கும் எண்குக்கும் இடையே காட்ட முடிகிற ஒழுங்கான ஒலிவேறுபாட்டை ஆர்டிக்கும் ஆட்டுக்கும் இடையே காட்ட முடியவில்லை. தொலைதூரத்து உறவைத் தேடி நாம் செலவழிக்கும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருத்தணிக்கு அந்தப் பக்கம் செலவழித்திருந்தால் தமிழின் தொலைந்த சொற்கள் பல கைக்கு வந்திருக்கும்.

ஆந்திரத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கு வட்டாரங்களில் உழவர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்களை ஊர் ஊராகத் திரட்டிய 'மாண்டலிக விருத்தி பதகோசம்' நூல்வரிசையின் முதல் தொகுதியை 1962இல் ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி வெளியிட்டது. அடுத்து நெசவுத் தொழிலுக்கான தொகுதி வந்தது. ஏரின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்த மாவட்டத்தில் என்ன பெயர் என்று அதில் பார்க்கலாம். எல்லையோரத் தமிழுக்கும் தெலுங்குக்கும் சேர்த்து விலங்கு, பறவை, மீன், பூச்சிப் பெயர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் மூன்று மாநிலங்கள் கூடும் இடத்திலேயே இருக்கிறது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. அந்த இரண்டின் மாணவர்களும் இந்த வேலைக்குப் போதும். வேடுவரும் எலிபிடிப்பவரும் ஆடு மேய்ப்பவரும் சொல்லும் பெயர்களை முதலில் எடுக்க வேண்டும். யானாதிகளிடமும் இருளரிடமும் எருகுலரிடமும் இருக்கும் விலங்கறிவு எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அவர்களின் அடுத்த தலைமுறை கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டது. காட்டோடு இருந்த பழக்கம் விட்டுப்போகிறது.

காட்டு நிலவரமும் மாறிக்கொண்டிருக்கிறது. சித்தூர்க் காடுகளில் பல தலைமுறைகளாக யானையே இல்லாமல் இருந்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வந்து தங்கின. 1990இல் கௌண்டின்ய சரணாலயம் அமைந்தது. ஏனுகு என்ற சொல்லை ஏட்டிலும் கோயில் வாகனத்திலும் மட்டும் வைத்திருந்த ஊர்களுக்கு அந்த விலங்கு திரும்ப வந்திருக்கிறது. பிளிறலுக்கும் லத்திக்கும் தந்தத்துக்கும், ஒற்றையாகத் திரியும் கொம்பனுக்கும் பலமநேர், குப்பம் பக்கத்து மக்கள் இன்று எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், அதில் எது தமிழிலிருந்து போனது, எது கன்னடத்திலிருந்து வந்தது என்று இப்போதே பதிந்தால், ஒரு சொல்லகராதி பிறப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

நகரி, புத்தூர், விஜயபுரம், பள்ளிப்பட்டு, திருத்தணி, பலமநேர், குப்பம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் விலங்குப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழில் என்ன, தெலுங்கில் என்ன, ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன, குட்டிக்கு என்ன, இரவில் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். சொன்னவரின் ஊர், வயது, தொழில் மூன்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். புத்தக வழக்குக்குத் திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். கைபேசியில் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எண்கு என்று யாராவது ஒருவர் சொன்னால், அந்த ஊரின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மொழித்துறைக்குத் தெரிவியுங்கள்.